தூது ஆர்என்ஏவிலிருந்து ஹீமோகுளோபின் வரை: உயிரணு புரதம் கட்டும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரிகளில் உயிரியல் பயிலும் மாணவர்கள் புரத உற்பத்தியின் தொடக்கம், நீட்சி, முடிவு என்ற மூன்று கட்டங்களையும், அவற்றில் பங்குகொள்ளும் காரணிகளின் பெயர்களையும் பிழையின்றி ஒப்பித்துவிடுவார்கள். ஆனால், தவறான அமினோ அமிலம் சங்கிலியில் சேராமல் பார்த்துக்கொள்வது எது என்று கேட்டால், உயிரணுவில் புரதத்தைக் கட்டும் கருவியான ரைபோசோம் என்ற பதிலே பெரும்பாலும் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. ரைபோசோம் அமினோ அமிலத்தைச் சோதிப்பதே இல்லை. அந்த வேலை ரைபோசோமுக்கு வெகு முன்பே, பாடக் குறிப்புகளில் ஒரே வரியில் கடந்துவிடும் ஒரு கட்டத்தில் முடிந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பு எனப்படும் இந்தச் செயல்முறையில் முழுவதையும் மேற்பார்வையிடும் ஒரு பொருள் கிடையாது. ஒவ்வொரு படியும் தனக்குரிய பொருத்தத்தை மட்டும் சோதித்துவிட்டு, மற்றவற்றில் முந்தைய படியை நம்புகிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் எது சோதிக்கப்படுகிறது, எது சோதிக்கப்படாமல் விடப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே படித்தால், காரணிகளின் பெயர்கள் தாமாகவே இடத்தில் பொருந்தும். இந்த வழிகாட்டி அந்த முறையில்தான் செல்கிறது.

எடுத்துக்காட்டாக, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்வோம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மொழிபெயர்ப்பைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் பல, முயலின் இளம் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் உருவாவதைக் கவனித்தே செய்யப்பட்டன. மேலும், சிங்கப்பூர் மக்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர், ஹீமோகுளோபின் சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்கள். கருவுற்ற பெண்களின் இரத்தப் பரிசோதனையில் அந்தச் சொல்லைக் கேட்காத குடும்பங்கள் குறைவு. புரத உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் எது பழுதாகலாம் என்பதற்கு ஹீமோகுளோபின் மரபணுக்களில் உண்மையான எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

முதலில், தூது ஆர்என்ஏவைப் படிக்கத் தெரிந்துகொள்ளுதல்

உட்கருவில் உள்ள டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏ, இன்ட்ரான்கள் எனப்படும் இடைப்பகுதிகள் வெட்டப்பட்டு, 5-பிரைம் எனப்படும் தொடக்க முனையில் ஒரு மூடியையும் 3-பிரைம் எனப்படும் இறுதி முனையில் அடினைன்களாலான நீண்ட வாலையும் பெற்ற பிறகே தூது ஆர்என்ஏவாகச் சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. இந்திய, மலாய் வம்சாவளியினரிடம் அதிகமாகக் காணப்படும் ஒரு பீட்டா தலசீமியா மாற்றம் இந்த வெட்டி ஒட்டும் கட்டத்தைத்தான் கெடுக்கிறது. அது மொழிபெயர்ப்புக்கு முந்தைய கதை என்பதால் இங்கே விட்டுவிடுவோம்.

பீட்டா சங்கிலியின் தூது ஆர்என்ஏவில் முதல் 50 நியூக்ளியோடைடுகள் (ஆர்என்ஏவின் எழுத்துகள்) புரதமாக மாறுவதில்லை. அதன் பின் வரும் 444 நியூக்ளியோடைடுகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன. அதாவது 147 அமினோ அமிலங்களுக்கான கோடான் எனப்படும் 147 மூன்றெழுத்துக் குறிகளும், இறுதியில் சங்கிலியை முடிக்கச் சொல்லும் ஒரு நிறுத்தக் கோடானும் அவற்றில் அடங்கும். அதற்குப் பிறகும் புரதமாக மாறாத ஒரு பகுதி உண்டு. மாணவர்கள் தூது ஆர்என்ஏவின் முதல் எழுத்திலிருந்தே புரதம் தொடங்குவதாக எண்ணிக்கொள்வது மிகப் பரவலான தவறு.

ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு காரங்களை மூன்று மூன்றாக அடுக்கினால் 64 கோடான்கள் கிடைக்கும். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. யூஏஏ, யூஏஜி, யூஜிஏ ஆகிய மூன்றும் நிறுத்தக் கோடான்கள். அமினோ அமிலங்கள் 20 மட்டுமே என்பதால், ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் அமைகின்றன. லியூசினுக்கு ஆறு உண்டு. மெத்தியோனினுக்கும் டிரிப்டோஃபானுக்கும் ஒவ்வொன்றுதான். 1961-இல் மார்ஷல் நிரன்பெர்க்கும் ஹைன்ரிஹ் மத்தையும் யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்என்ஏவை உயிரணுச் சாற்றில் இட்டபோது, ஃபினைல்அலனின் மட்டுமே கொண்ட சங்கிலி கிடைத்தது. யூயூயூ என்ற முதல் கோடான் அப்படித்தான் தெரியவந்தது. ஹர் கோபிந்த் கொரானா உள்ளிட்டோரின் பணியால் 1966-க்குள் முழு அட்டவணையும் நிரம்பியது.

மூன்று மூன்றாகத்தான் படிக்கப்படுகிறது என்பதை அதே 1961-இல் ஃபிரான்சிஸ் கிரிக், சிட்னி பிரென்னர் குழுவினர் நுண்ணுயிர்த் தின்னி வைரஸ் ஒன்றின் மரபணுவில் எழுத்துகளைச் சேர்த்தும் நீக்கியும் காட்டினார்கள். ஓர் எழுத்தையோ இரண்டு எழுத்துகளையோ சேர்த்தால் மரபணு பழுதாயிற்று. மூன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் மீண்டும் இயங்கிற்று. தூது ஆர்என்ஏ என்ற ஒன்று இருக்கிறது என்பதை அவ்வாண்டிலேயே நிறுவியவர்களிலும் பிரென்னர் ஒருவர். இந்தப் பெயரைச் சிங்கப்பூர் வாசகர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் நாட்டின் உயிர்மருத்துவ ஆய்வுத் துறைக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டிய அவர், 2003-இல் சிங்கப்பூரின் கௌரவக் குடிமகனானார்; 2019 ஏப்ரலில் இங்கேயே காலமானார்.

இனி பீட்டா சங்கிலியின் தொடக்க வரியைப் பார்ப்போம்: ஏயூஜி, ஜியூஜி, சிஏயூ, சியூஜி, ஏசியூ, சிசியூ, ஜிஏஜி, ஜிஏஜி, ஏஏஜி. அட்டவணையின்படி இவை முறையே மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டமிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லைசின். ஹீமோகுளோபின் பற்றிய மருத்துவ நூல்களில் முதல் மெத்தியோனினைக் கணக்கில் சேர்க்காமல் வாலினை 1 என்று எண்ணுவது பழைய மரபு. இந்தக் கட்டுரையிலும் அந்த எண்களையே பயன்படுத்துகிறேன். புதிய மரபணு அறிக்கைகளில் ஒன்று கூடுதலாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

படி 1: அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்என்ஏவில் ஏற்றுதல்

இதுதான் நான் முன்னே குறிப்பிட்ட, ஒரே வரியில் கடந்துவிடும் கட்டம். என் கருத்தில், முழு மொழிபெயர்ப்பின் பொருளும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஆகவே இதற்கு அதிக நேரம் கொடுப்பது தகும்.

கோடானுக்கும் அமினோ அமிலத்துக்கும் இடையே நேரடியான வேதியியல் ஈர்ப்பு எதுவும் மொழிபெயர்ப்பில் பயன்படுவதில்லை. இடையில் ஒரு பொருத்தி இருக்க வேண்டும் என்று 1955-இல் கிரிக் ஊகித்தார். சில ஆண்டுகளில் பால் சாமெக்னிக், மாலன் ஹோக்லண்டு குழுவினர் கடத்து ஆர்என்ஏவைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 76 நியூக்ளியோடைடுகள் நீளமுள்ள இந்த மூலக்கூறு தன்மீதே மடிந்து, எல் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் நிற்கிறது. அதன் ஒரு முனையில் கோடானோடு இணையும் மூன்று எழுத்து எதிர்க்கோடானும், மறுமுனையில் எல்லாக் கடத்து ஆர்என்ஏக்களுக்கும் பொதுவான சிசிஏ என்ற வாலும் உள்ளன. அமினோ அமிலம் அந்த வாலில்தான் ஒட்டப்படுகிறது.

ஒட்டும் வேலையைச் செய்பவை அமினோஅசைல் கடத்து ஆர்என்ஏ சின்தட்டேஸ் எனப்படும் நொதிகள். பொதுவாக ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு நொதி என்ற கணக்கில் இவை அமைந்துள்ளன. வேலை இரண்டு அடிகளில் நடக்கிறது. முதலில் நொதி தனக்குரிய அமினோ அமிலத்தை, உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியோடு வினைபுரியச் செய்து, ஆற்றல் மிக்க ஓர் இடைநிலைப் பொருளை உருவாக்குகிறது. ஏடிபியின் இரண்டு பாஸ்பேட்டுகள் கழன்றுவிடுகின்றன. பிறகு அந்த அமினோ அமிலத்தை உரிய கடத்து ஆர்என்ஏவின் வாலுக்கு மாற்றுகிறது. பின்னர் ரைபோசோமில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு உருவாகத் தேவையான ஆற்றல் இந்த ஒட்டுதலிலேயே சேமிக்கப்பட்டுவிடுகிறது.

இங்கே சோதிக்கப்படுபவை இரண்டு: சரியான அமினோ அமிலமா, சரியான கடத்து ஆர்என்ஏவா. இரண்டாவது எளிது, கடத்து ஆர்என்ஏ பெரிய மூலக்கூறு என்பதால், நொதி அதைப் பல இடங்களில் தொட்டு அடையாளம் காண முடியும். முதலாவதுதான் கடினம். ஐசோலியூசினுக்கும் வாலினுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கார்பனும் அதோடு சேர்ந்த இரண்டு ஹைட்ரஜன்களும்தான். ஐசோலியூசினுக்காக அமைந்த குழியில் அதைவிடச் சிறிய வாலின் தாராளமாக நுழைந்துவிடும். ஆகவே அந்த நொதியில் இரண்டாவது குழி ஒன்று உள்ளது. ஐசோலியூசின் அதனுள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. வாலின் நுழையும், நுழைந்தவுடன் வெட்டி விடப்படும். பெரியவற்றை முதல் குழியும், சிறியவற்றை இரண்டாவது குழியும் வடிகட்டுகின்றன.

இந்த நொதி தவறு செய்துவிட்டால் ரைபோசோம் அதைத் திருத்துமா என்ற கேள்விக்கு 1962-இல் ஓர் அழகான சோதனை விடை சொன்னது. ஃபிரான்சுவா ஷாப்வில் குழுவினர், சிஸ்டீன் ஏற்றப்பட்ட கடத்து ஆர்என்ஏவை எடுத்து, ரானே நிக்கல் என்ற வினையூக்கியைக் கொண்டு சிஸ்டீனிலிருந்த கந்தகத்தை நீக்கினார்கள். கந்தகம் நீங்கிய சிஸ்டீன், அலனினாக மாறிவிடுகிறது. இப்போது சிஸ்டீனுக்குரிய கடத்து ஆர்என்ஏவில் அலனின் இருக்கிறது. ரைபோசோம் அதைச் சிறிதும் தயங்காமல் சிஸ்டீனுக்குரிய இடத்தில் சேர்த்தது. அடுத்த ஆண்டில் இதே உத்தி இளம் சிவப்பணுச் சாற்றில் கையாளப்பட்டபோது, ஹீமோகுளோபினிலும் சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் அமர்ந்தது. எம்ஆர்டி நிலைய நுழைவாயில் அட்டையைத்தான் படிக்கிறது, அதை வைத்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. ரைபோசோமும் எதிர்க்கோடானை மட்டுமே படிக்கிறது.

படி 2: தொடக்கம்

ரைபோசோம் இரண்டு அலகுகளால் ஆனது. மனித உயிரணுவின் ரைபோசோம் 80 எஸ் எனப்படும்; அதன் சிறிய அலகு 40 எஸ், பெரிய அலகு 60 எஸ். கூட்டுத்தொகை பொருந்தவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். இந்த எண்கள் எடையைக் குறிப்பவையல்ல, சுழற்சியில் மூலக்கூறு படியும் வேகத்தைக் குறிப்பவை. பாக்டீரியாவின் ரைபோசோம் 70 எஸ். அது 30 எஸ், 50 எஸ் என்ற அலகுகளைக் கொண்டது.

வேலை தொடங்கும் முன் இரண்டு அலகுகளும் பிரிந்தே இருக்கின்றன. இஐஎஃப்2 என்ற தொடக்கக் காரணி, ஏடிபியைப் போன்ற இன்னோர் ஆற்றல் மூலக்கூறான ஜிடிபியோடு (GTP) சேர்ந்து, மெத்தியோனின் ஏற்றப்பட்ட ஒரு சிறப்புக் கடத்து ஆர்என்ஏவைச் சிறிய அலகுக்குக் கொண்டுவருகிறது. மறுபுறம், இஐஎஃப்4இ என்ற காரணி தூது ஆர்என்ஏவின் மூடியைப் பிடித்துக்கொள்கிறது. இஐஎஃப்4ஜி என்ற பெரிய புரதம் அதையும், அடினைன் வாலைப் பற்றியுள்ள புரதத்தையும் ஒருசேர இணைக்கிறது. மூடியும் வாலும் அருகருகே வருவதால், இரு முனைகளும் சிதையாத முழுமையான தூது ஆர்என்ஏவுக்கே முன்னுரிமை கிடைக்கிறது.

சிறிய அலகு மூடியருகே அமர்ந்து, 3-பிரைம் திசையில் நகர்ந்தபடி ஏயூஜியைத் தேடுகிறது. எந்த ஏயூஜியும் போதாது. அதற்கு மூன்று இடம் முன்னால் ஏ அல்லது ஜி, உடனடுத்து ஜி என்ற சூழல் இருந்தால் தொடக்கம் உறுதியாக நிகழும். மெரிலின் கோசாக் கண்டறிந்த இந்தச் சூழல் பீட்டா சங்கிலியில் அப்படியே பொருந்துகிறது: ஏசிசி ஏயூஜி ஜி. எதிர்க்கோடான் ஏயூஜியோடு சரியாகப் பொருந்தியதும் ஜிடிபி உடைகிறது, காரணிகள் விலகுகின்றன, பெரிய அலகு வந்து மேலே பொருந்துகிறது. எந்த எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரிப்பது என்ற வாசிப்புச் சட்டகம் இந்த ஒரு கணத்தில் நிலைபெற்றுவிடுகிறது; அதன் பிறகு அது சரிதானா என்று எந்தப் படியும் மறுபடி கேட்பதில்லை.

2020 டிசம்பர் 30 அன்று சிங்கப்பூரில் போடத் தொடங்கிய ஃபைசர்-பயோஎன்டெக் கொவிட் தடுப்பூசியும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான். அதன் தூது ஆர்என்ஏவிலும் மூடி, வால், கோசாக் சூழல் எல்லாம் உண்டு. புரதமாக மாறாத அதன் தொடக்கப் பகுதி, மனித ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலித் தூது ஆர்என்ஏவிலிருந்து எடுத்துச் சீரமைக்கப்பட்டது. இளம் சிவப்பணுவில் நன்றாக மொழிபெயர்க்கப்படும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனமான முடிவு.

உயிரணு தன் புரத உற்பத்தியைக் குறைக்க விரும்பினால், பெரும்பாலும் இந்தத் தொடக்கக் கட்டத்தையே பிடிக்கும். இளம் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதியான ஹீம் குறைந்தால், ஹெச்ஆர்ஐ என்ற நொதி விழித்துக்கொண்டு இஐஎஃப்2-இல் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதனால் மொழிபெயர்ப்பின் தொடக்கம் தடைபடுகிறது. இரும்புச் சத்து இல்லாமல் ஹீம் உருவாகாதபோது, வெறும் குளோபின் சங்கிலிகள் பயனின்றிக் குவிவதை இது தடுக்கிறது. இரும்புக் குறைபாட்டு இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு.

பாக்டீரியாவில் மூடி இல்லை. தூது ஆர்என்ஏவில் உள்ள ஷைன்-டல்கார்னோ வரிசை, சிறிய அலகின் ஆர்என்ஏவோடு நேரடியாக இணைந்து இடத்தைக் காட்டிவிடுகிறது. முதல் அமினோ அமிலம் ஃபார்மைல் மெத்தியோனின். உட்கரு இல்லாததால், படியெடுத்தல் முடியும் முன்பே மொழிபெயர்ப்பு தொடங்கிவிடலாம். தேர்வில் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் இந்த மூன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

படி 3: நீட்சி

ரைபோசோமில் கடத்து ஆர்என்ஏ அமர மூன்று இடங்கள் உண்டு. புதியது வந்து சேரும் இடம் ஏ. வளரும் சங்கிலியைத் தாங்கியது இருக்கும் இடம் பி. வெறுமையானது வெளியேறும் இடம் இ. தொடக்கத்தில் மெத்தியோனின் கடத்து ஆர்என்ஏ நேராகப் பி-யில் அமர்கிறது; மற்றவை எல்லாம் ஏ வழியாகவே நுழைகின்றன.

முதல் அடி, தேர்வு. இஇஎஃப்1ஏ என்ற நீட்சிக் காரணி, ஜிடிபியோடும் ஏற்றப்பட்ட கடத்து ஆர்என்ஏவோடும் சேர்ந்து ஏ இடத்துக்கு வருகிறது. நம் எடுத்துக்காட்டில் அங்கே காத்திருப்பது ஜியூஜி. தவறான கடத்து ஆர்என்ஏக்கள் பல வந்து மோதித் திரும்பும். சரியானது வந்தால் கோடானும் எதிர்க்கோடானும் எதிரெதிர்த் திசையில் இணைகின்றன. இந்த எதிர்த்திசை விஷயத்தில் மாணவர்கள் அடிக்கடி மதிப்பெண் இழக்கிறார்கள். ஜியூஜிக்குரிய எதிர்க்கோடானை 5-பிரைமிலிருந்து 3-பிரைமுக்கு எழுதினால் சிஏசி. ஏயூஜிக்குரியது சிஏயூ, யூஏசி அன்று. திசையைக் குறிக்காமல் எதிர்க்கோடானை எழுதுவது அரைகுறை விடை.

இணைப்பு சரியா என்பதை ரைபோசோம் எப்படி உணர்கிறது? சிறிய அலகின் ஆர்என்ஏவில் உள்ள இரண்டு அடினைன்களும் ஒரு குவானைனும் கோடானும் எதிர்க்கோடானும் சேர்ந்த இரட்டை இழையைத் தொட்டு, முதல் இரண்டு இணைகளின் வடிவத்தை அளக்கின்றன. பாக்டீரிய ரைபோசோமின் படிக அமைப்பைக் கொண்டு இதைக் காட்டியது, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு. அவர் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் 2009-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூன்றாவது இணையில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. அங்கே ஜி-யூ போன்ற இணைகளும் அனுமதிக்கப்படுவதால், ஒரே கடத்து ஆர்என்ஏ ஒன்றுக்கு மேற்பட்ட கோடான்களைப் படிக்க முடிகிறது. கிரிக் இதை 1966-இல் முன்மொழிந்தார்.

வடிவம் பொருந்தினால் ஜிடிபி உடைகிறது, காரணி விலகுகிறது, அதற்குப் பிறகும் கடத்து ஆர்என்ஏ நழுவிச் செல்ல இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பலவீனமாக இணைந்தவை அந்த இடைவெளியில் விழுந்துவிடும். இருமுறை வடிகட்டியும் ஆயிரம் முதல் பத்தாயிரம் அமினோ அமிலங்களுக்கு ஒன்று என்ற அளவில் பிழை நேர்கிறது. பத்தாயிரத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், பீட்டா சங்கிலியைப் போன்ற நீளமுள்ள நூறு சங்கிலிகளில் ஒன்றிரண்டில் ஒரு பிழை இருக்கும். உயிரணு இதைத் தாங்கிக்கொள்கிறது. இன்னும் கண்டிப்பாகச் சோதித்தால் வேகம் குறைந்துவிடும்.

இரண்டாம் அடி, பிணைப்பு. பி-யில் உள்ள சங்கிலி முழுவதும், ஏ-யில் உள்ள புதிய அமினோ அமிலத்தின் மீது மாற்றப்படுகிறது. புதியது போய்ப் பழைய சங்கிலியில் ஒட்டுவதாகப் படம் வரைவது தவறு. இந்த வினையை ஊக்குவிப்பது புரதமன்று, பெரிய அலகின் ஆர்என்ஏ. அருகில் எந்தப் புரதமும் அந்த வினையில் பங்கேற்கும் தொலைவில் இல்லை என்பதை 2000-இல் வெளிவந்த படிக அமைப்பு காட்டியது. புரதத்தைக் கட்டும் கருவியின் மையத்தில் ஆர்என்ஏ அமர்ந்திருப்பது, உயிரின் தோற்றத்தைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இன்றும் பெரிய சான்று.

மூன்றாம் அடி, நகர்வு. இஇஎஃப்2 இன்னொரு ஜிடிபியைச் செலவிட்டு, ரைபோசோமைச் சரியாக மூன்று எழுத்து முன்னே தள்ளுகிறது. பி-யில் இருந்தது இ-க்கும், ஏ-யில் இருந்தது பி-க்கும் செல்கின்றன. ஏ மீண்டும் காலியாகிறது.

செலவைக் கணக்கிட்டால், ஓர் அமினோ அமிலத்தை ஏற்ற இரண்டு உயராற்றல் பாஸ்பேட் பிணைப்புகளும், சேர்க்க இரண்டு ஜிடிபியும் ஆக நான்கு தேவை. 147 அமினோ அமிலங்களுக்கு ஏறத்தாழ 590 ஆகிறது. மனித உயிரணுவில் வினாடிக்கு ஐந்து ஆறு அமினோ அமிலங்கள் சேர்கின்றன என்பதால், ஒரு பீட்டா சங்கிலி அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பாக்டீரியா இதைவிட மூன்று மடங்கு வேகமாகச் செய்யும். ஒரு தூது ஆர்என்ஏவில் பல ரைபோசோம்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. 1963-இல் இளம் சிவப்பணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், பெரும்பாலும் ஐந்தைந்தாக அவை நிற்பதைக் கண்டார்கள். சங்கிலி அமினோ முனையிலிருந்து கார்பாக்சில் முனை நோக்கி வளர்கிறது என்பதும் அதே வகை உயிரணுவில்தான், ஹவர்ட் டின்ட்சிஸ் 1961-இல் செய்த ஆய்வில் நிறுவப்பட்டது.

அரிவாள் அணு நோயில் ஆறாவது கோடான் ஜிஏஜி என்பதற்குப் பதிலாக ஜியூஜி ஆகியிருக்கும். குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் அமரும். தென்கிழக்காசியாவில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் இ-யில், 26-ஆவது கோடான் ஏஏஜி ஆகி லைசின் வரும். இரண்டிலும் ரைபோசோம் எந்தத் தவறும் செய்யவில்லை. எழுதியிருப்பதைப் பிசகாமல் படித்திருக்கிறது. எழுதியிருப்பது சரியா என்பது அதன் சோதனையில் இல்லை.

படி 4: முடிவு

நிறுத்தக் கோடானுக்கு உரிய கடத்து ஆர்என்ஏ கிடையாது. பீட்டா சங்கிலியின் கடைசி ஹிஸ்டிடினுக்குப் பிறகு யூஏஏ ஏ இடத்துக்கு வந்ததும், இஆர்எஃப்1 என்ற விடுவிப்புக் காரணி அங்கே நுழைகிறது. அது ஒரு புரதம். ஆனால் அதன் வடிவம் கடத்து ஆர்என்ஏவை ஒத்திருக்கிறது. ஒரு முனையால் நிறுத்தக் கோடானைத் தொட்டு, மறுமுனையால் ஒரு நீர் மூலக்கூறைப் பிணைப்பு நடக்கும் இடத்தில் நிறுத்துகிறது. சங்கிலி அடுத்த அமினோ அமிலத்துக்குப் பதிலாக நீரோடு வினைபுரிந்து விடுபடுகிறது. பின்னர் ஏபிசிஇ1 என்ற புரதம் ஏடிபியைச் செலவிட்டு இரு அலகுகளையும் பிரிக்கிறது. மனித உயிரணுவில் மூன்று நிறுத்தக் கோடான்களையும் இஆர்எஃப்1 ஒன்றே படிக்கும். பாக்டீரியாவில் ஆர்எஃப்1, ஆர்எஃப்2 என்று இரண்டு காரணிகள் பகிர்ந்துகொள்கின்றன.

நிறுத்தக் கோடானே மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம் வட்டாரத்தில் காணப்படும் ஹீமோகுளோபின் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் தெளிவான விடை. அதில் ஆல்ஃபா சங்கிலியின் யூஏஏ, சிஏஏ ஆகிவிடுகிறது. ரைபோசோம் அதைக் குளூட்டமின் என்று படித்து, அடுத்த நிறுத்தக் கோடான் வரும்வரை மேலும் செல்கிறது. 141 அமினோ அமிலங்களுடன் முடிய வேண்டிய சங்கிலி 172-இல் முடிகிறது. ரைபோசோம் அந்தப் பகுதிக்குள் நுழைவதால் தூது ஆர்என்ஏவின் நிலைப்பும் குலைந்து, சங்கிலி மிகக் குறைந்த அளவிலேயே உருவாகிறது. விளைவு ஆல்ஃபா தலசீமியா.

படி 5: சங்கிலி புரதமாவது

சங்கிலி வெளியே நீளும்போதே முதல் மெத்தியோனின் வெட்டப்படுகிறது. வாலின் முதலிடம் பெறுகிறது. நீரிழிவுள்ளவர்களுக்கு எடுக்கப்படும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளப்பது, பீட்டா சங்கிலியின் இந்த முதல் வாலினில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கும் ஹீமோகுளோபினின் விழுக்காட்டைத்தான். மடிப்புக்கு வேண்டிய விவரம் அமினோ அமில வரிசையிலேயே இருந்தாலும், ஒட்டிக்கொண்டு கட்டியாகாமல் இருக்கத் துணைப் புரதங்கள் உதவுகின்றன. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, நான்கு ஹீம் சேர்ந்தால் ஹீமோகுளோபின் ஆயிற்று. உயிரணுவை விட்டு வெளியேறும் புரதங்களுக்கு முன்னால் ஒரு முகவரி வரிசை இருக்கும். இன்சுலின் 110 அமினோ அமிலங்களாகத் தொடங்கி, அந்த வரிசை நீங்கி 86 ஆகி, நடுப்பகுதி வெட்டப்பட்டு 51-இல் முடிகிறது.

மருந்தும் நஞ்சும் தாக்கும் இடங்கள்

படிகளை நினைவில் நிறுத்த, அவற்றைத் தடுக்கும் பொருள்களோடு சேர்த்துப் படிப்பது நல்ல வழி. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பாக்டீரியச் சிறிய அலகில் ஏ இடத்தை மறிக்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசின் தேர்வின் கண்டிப்பைக் குலைத்துத் தவறாகப் படிக்கவைக்கிறது. குளோராம்ஃபெனிகால் பிணைப்பைத் தடுக்கிறது. எரித்ரோமைசின், சங்கிலி வெளியேறும் சுரங்கத்தை அடைக்கிறது. நம் ரைபோசோம் வேறுபட்டிருப்பதால் இவை நம்மைப் பெரிதும் தாக்குவதில்லை; ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்கள் பாக்டீரியச் சாயல் கொண்டவை என்பதால், குளோராம்ஃபெனிகால் எலும்பு மச்சையைப் பாதிக்கக்கூடும். தொண்டை அடைப்பான் நஞ்சு நம் இஇஎஃப்2-ஐ முடக்குகிறது. ஆமணக்கு விதையின் ரிசின், பெரிய அலகின் ஆர்என்ஏவிலிருந்து ஒரே ஓர் அடினைனை நீக்கி, ரைபோசோமையே செயலிழக்கச் செய்கிறது.

கையால் செய்து பார்க்க ஒரு பயிற்சி

கோடான் அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா சங்கிலியின் 40-ஆவது கோடானிலிருந்து இயல்பான வரிசை இப்படிச் செல்கிறது: ஏஜிஜி, யூயூசி, யூயூயூ, ஜிஏஜி, யூசிசி, யூயூயூ, ஜிஜிஜி, ஜிஏயூ, சியூஜி, யூசிசி, ஏசியூ, சிசியூ, ஜிஏயூ, ஜிசியூ, ஜியூயூ, ஏயூஜி, ஜிஜிசி, ஏஏசி, சிசியூ, ஏஏஜி, ஜியூஜி, ஏஏஜி. சீன வம்சாவளியினரிடம் அதிகமாகக் காணப்படும் ஒரு பீட்டா தலசீமியா மாற்றத்தில், 41, 42 ஆகிய கோடான்களிலிருந்து நான்கு எழுத்துகள் நீங்கிவிடுகின்றன. யூயூசி, யூயூயூ என்ற ஆறு எழுத்துகளில் யூயூ மட்டும் எஞ்சும். மீதியைத் தொடர்ந்து மூன்று மூன்றாகப் பிரித்து, எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

விடை: ஏஜிஜி-க்குப் பிறகு யூயூஜி, ஏஜியூ, சிசியூ, யூயூஜி, ஜிஜிஜி, ஏயூசி, யூஜியூ, சிசிஏ, சியூசி, சியூஜி, ஏயூஜி, சியூஜி, யூயூஏ, யூஜிஜி, ஜிசிஏ, ஏசிசி, சியூஏ, ஏஜிஜி, யூஜிஏ. அதாவது லியூசின், செரின், புரோலின் என்று முற்றிலும் வேறான சங்கிலி வளர்ந்து, 59-ஆவது கோடானில் நிறுத்தம் வருகிறது. இடையில் ஏயூஜி ஒன்று தென்பட்டாலும் அங்கே புதிய தொடக்கம் நிகழாது. நீட்சியில் இருக்கும் ரைபோசோமுக்கு அது வெறும் மெத்தியோனின்.

நடைமுறையில் இந்த அரைகுறைச் சங்கிலி அதிகம் உருவாவதில்லை. இன்ட்ரான் வெட்டப்பட்ட இடங்களில் ஒட்டிய புரதக் கூட்டு ஒன்றை, முதல்முறை படிக்கும் ரைபோசோம் தட்டிவிட்டுச் செல்ல வேண்டும். பீட்டா மரபணுவின் கடைசி வெட்டு 104-ஆவது கோடானுக்குப் பின் உள்ளது. 59-இலேயே ரைபோசோம் நின்றுவிட்டால் அந்தக் கூட்டு அப்படியே எஞ்சி, தூது ஆர்என்ஏவைச் சிதைக்கச் சைகை கொடுக்கும். 17-ஆவது கோடானில் ஏஏஜி யூஏஜியாக மாறும் இன்னொரு மாற்றத்துக்கும் இதே கதிதான். ஆகவே இவ்வகை மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்கள் பொதுவாக நோயின்றிச் சுமப்பவர்களாகவே இருக்கிறார்கள். 121-ஆவது கோடானில் நிறுத்தம் விழுந்தால் நிலைமை வேறு. அங்கே கடைசி வெட்டைத் தாண்டியாகிவிட்டது. சிதைக்கும் சைகை எழாது. முழுமையடையாத சங்கிலிகள் உருவாகி, ஆல்ஃபாவோடு சேராமல் உயிரணுவுக்குள் படிந்து கேடு செய்கின்றன. அந்த மாற்றத்தில் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதானாலே நோய் வந்துவிடுகிறது.